காய்ச்சல் இல்லை என்று சொன்ன கை

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஒத்தக்குத்து' என்றுதான் சொல்வார்கள். ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவாள் என்பதால் வந்த பட்டம். குண்டான கை, எலும்பும் தோலுமான கை, பயத்தில் ஜில்லிட்டுப்போன கை, எதுவாக இருந்தாலும் சரி. ரப்பர் பட்டையைக் கட்டி, ஆள்காட்டி விரலை முழங்கை மடிப்பில் வைத்துவிட்டு எதிர்ச்சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பார்ப்பாள். விரல் தானாகத் தேடிக்கொண்டு போய் ஓரிடத்தில் நிற்கும். "கொஞ்சம் சுருக்குனு இருக்கும்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் ரத்தம் டியூபில் ஏறிவிடும். மற்றவர்கள் இரண்டு கையிலும் குத்திப் பார்த்துக் கைவிட்ட ஆட்களைக் கடைசியில் அவளிடம்தான் அனுப்புவார்கள்.

அவளுக்கு இன்னொரு பெயரும் உண்டு. அது முதுகுக்குப் பின்னால் சொல்வது: 'சீட்டுப் பைத்தியம்'. பெயர்ச்சீட்டு ஒட்டாத டியூபைக் கண்டால் அவளுக்குப் பொறுக்காது. யார் ரத்தம், எந்தத் தேதி, எத்தனை மணி என்று எழுதாத டியூப் மேசையில் இருந்தால், அது யாருடையது என்று சத்தியம் செய்தாலும் கேட்க மாட்டாள். குப்பையில் போட்டுவிட்டு மறுபடி எடுக்கச் சொல்வாள். இத்தனை கறாரான மனுஷி தன் வீட்டில் செய்த காரியத்தை நினைத்தால் நமக்கே கோபம் வரும்.

வீட்டில் தங்கை இருந்தாள். அக்காவைவிட ஒன்பது வயது இளையவள், கல்யாணமாகாதவள், வாயாடி. ரத்தத்தில் புற்று என்று தெரிந்து மருத்துவம் ஆரம்பித்ததும் அக்கா அவளைத் தன் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுவார்கள். ஏற்றிய பிறகு பத்து நாள் தங்கையின் உடம்பில் எதிர்த்து நிற்கச் சக்தியே இருக்காது. முதல் நாளே டாக்டர் சொன்னது இரண்டே விஷயம். "வீட்ல யாருக்கும் சளி, காய்ச்சல் வராமப் பாத்துக்குங்க. இவங்களுக்குச் சூடு முப்பத்தெட்டு டிகிரி செல்சியஸத் தாண்டுச்சுன்னா யோசிக்காம ஒடனே கூட்டிட்டு வாங்க. அர நாள் தாமதிச்சாலும் ஆபத்து."

அக்கா தலையாட்டினாள். ஆனால் ஊரில் இருக்கிற இருமல் அத்தனையும் வந்து உட்கார்ந்து எழுந்து போகும் நாற்காலிக்கு எதிரேதான் அவளுக்கு வேலை. மழை முடிந்து குளிர் ஆரம்பித்தால் கேட்கவே வேண்டாம். காத்திருக்கும் கூடத்தில் தும்மலும் மூக்குறிஞ்சலும் தாளம் தப்பாமல் நடக்கும். வேலையை விடவும் முடியாது. அவள் வேலைக்கான காப்பீட்டில்தான் தங்கையின் மருத்துவமே ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே அவள் விழுங்க ஆரம்பித்தாள்.

முதல் டப்பாவைக் கொண்டு வந்தவர் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கோளாறுக்கும் ஏதோ ஒரு பாகத்தைச் சேர்த்துப் பூட்டினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். "இதுல இருபத்து மூணு சத்து இருக்காம். நோய் எதிர்ப்புக்குன்னே போட்டிருக்கான்" என்று மேசையில் வைத்தார். கூடத்தின் மேற்பார்வையாளர் அம்மா தண்ணீரில் போட்டால் பொங்கும் ஆரஞ்சு மாத்திரையைச் சிபாரிசு செய்தாள். எதிர்வீட்டு ஆசிரியை, சளி கிட்டவே நெருங்காது என்று துத்தநாக மாத்திரையை ஒரு அட்டை கொடுத்தாள். மருந்துக்கடைக்காரர், "நாள் முழுக்க நோயாளிங்க நடுவுல நிக்கிறவங்க நீங்க, சாதாரண டோஸ் எந்த மூலைக்கு?" என்று பி-காம்ப்ளெக்ஸில் வீரியமான ஒன்றைத் தலையில் கட்டினார். தலையைக் கொடுக்க அவளும் தயாராக இருந்தாள்.

"அக்கா, நீ நடந்தா கிலுகிலுப்ப சத்தம் கேக்குதுக்கா" என்றாள் தங்கை.

"சிரி, சிரி. உனக்காகத்தான் முழுங்குறேன்."

"எனக்காக நீ முழுங்கினா எனக்கு எப்படிக்கா சத்து வரும்?"

அக்கா முறைத்தாள்.

காலை அவசரத்தில் ஐந்தாறு டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. வேலையிடத்தில் புது ஆட்களுக்குப் பாடம் சொல்ல வைத்திருந்த வெறும் டியூப்களில் ஏழு கேட்டு வாங்கி வந்தாள். ஏழுக்கும் ஏழு நிற மூடி. திங்கள் ஊதா, செவ்வாய் சிவப்பு, புதன் நீலம், வியாழன் சாம்பல், வெள்ளி பச்சை, சனி மஞ்சள், ஞாயிறு கறுப்பு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லா மாத்திரையையும் பங்கு போட்டு நிரப்புவாள். டப்பாக்கள் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். உள்ளே இருப்பது என்ன என்று அந்த ஏழு டியூபில் ஒன்றிலும் ஒரு எழுத்து கிடையாது. சீட்டுப் பைத்தியத்துக்கு அது உறுத்தவே இல்லை. நிறம் சரியாக இருந்தது, வரிசை சரியாக இருந்தது, அது போதும் என்று இருந்துவிட்டாள்.

காலையில் மாத்திரை விழுங்கியதும் அடுத்த வேலை தங்கையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது. இது பழைய வழக்கம். சின்ன வயதில் வீட்டில் இருந்த ஒரே தெர்மாமீட்டரைத் தங்கை கடித்து உடைத்துவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அக்காவின் கைதான் தெர்மாமீட்டர். நான்கு விரல்களை நெற்றியில் வைத்து, "லேசா இருக்கு", "விட்டுருச்சு", "நடிக்கிறா, பள்ளிக்கூடம் அனுப்பு" என்று சொன்னால் அதற்கு மேல் அப்பாகூடப் பேச மாட்டார். இப்போது தங்கையின் தலையணை அருகே மருத்துவமனை கொடுத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தது. தங்கை அதை வைத்துப் பார்த்து நோட்டில் எழுதினாள். இருந்தாலும் அக்கா வந்து கை வைத்து "இல்ல" என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு நாள் ஆரம்பிக்கும்.

குளிர் பாதி போயிருந்தபோது அக்காவுக்கு விரல் நுனிகளில் ஊசி குத்துவது போல் ஆரம்பித்தது. பிறகு அதுவும் போய், நுனிகள் மரத்துப்போயின. சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பார்த்துப் போட வேண்டியிருந்தது. பைக்குள் கைவிட்டால் சாவி எது, சீப்பு எது என்று தெரியவில்லை. ஒருநாள் சூடான பாத்திரத்தை வெறும் கையால் இறக்கி வைத்துவிட்டு, விரலில் கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் சுட்டது தெரிந்தது. பாதங்களும் அப்படித்தான், செருப்பு கழன்றது தெரியாமல் நாலடி நடந்துவிடுவாள்.

விந்தை என்னவென்றால், அவளுக்குப் பயமும் வரவில்லை. மனசும் விரலைப்போலவே ஆகிவிட்டிருந்தது. தங்கைக்கு முடி கொட்டியபோது அள்ளிக் குப்பையில் போட்டாள், அவ்வளவுதான். தங்கை இரவெல்லாம் வாந்தி எடுத்தால் பாத்திரத்தைக் கழுவி வைத்தாள். அழ வேண்டிய இடத்தில் அடுத்து என்ன வேலை என்று பார்த்தாள். எல்லாம் அசதி என்று பேர் வைத்து விட்டுவிட்டாள்.

கணவர் விரலைப் பார்த்துவிட்டு மருந்துக்கடைக்காரரிடம் கேட்டார். "மரத்துப் போகுதா? நரம்புச் சோர்வு. இத மூணு வேளையும் போடச் சொல்லுங்க" என்று அவர் நரம்பு மாத்திரை கொடுத்தார். மூன்று வேளைக்கு அவளுக்கு ஏது நேரம்? மூன்றையும் அந்தந்த நாளின் டியூபில் போட்டு ஒரே மடக்கில் விழுங்கினாள். ஒரு மாதத்தில் மரப்பு மணிக்கட்டை நோக்கி ஏறியது. மருந்து வேலை செய்ய நாளாகும் என்று சொன்னார்களே என்று விடாமல் விழுங்கினாள்.

கூடத்தில் ஒத்தக்குத்து இப்போது இரண்டு குத்தாயிற்று. சிலருக்கு மூன்று. விரலை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால் விரல் எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை. கண்ணால் பார்த்து, நீலமாகத் தெரிந்த இடத்தில் குத்தினாள். "என்னம்மா, இன்னிக்கு ராசி சரியில்லையா?" என்று வாடிக்கையாக வரும் தபால்காரர் கையைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "கை ஜில்லுனு இருக்கு" என்றாள். ஆனால் ஒன்று, அந்தக் குளிர்காலம் முழுவதும் அவளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. மாத்திரையாலா, முகக்கவசத்தாலா, சும்மாவா, யாருக்குத் தெரியும். அவள் மாத்திரை என்றே நம்பினாள்.

அது ஒரு வியாழக்கிழமைக் காலை. தங்கைக்கு மருந்து ஏற்றி எட்டாம் நாள். அக்கா சாம்பல் மூடி டியூபைக் காலி செய்துவிட்டுத் தங்கையின் அறைக்குப் போனாள். ஜன்னலுக்கு வெளியே பேருந்து நிறுத்தத்தில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. நாலு நிமிடத்தில் பேருந்து வந்துவிடும்.

தங்கை கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அக்கா கை வைத்தாள். விரல்கள் நெற்றியில் பட்டதை அவள் பார்த்தாள். பட்டது தெரியவில்லை. சூடும் தெரியவில்லை, குளிர்ச்சியும் தெரியவில்லை. மேசையில் கை வைத்தாற்போல் இருந்தது.

"இருக்கா?" என்றாள் தங்கை, கண்ணைத் திறக்காமல்.

"இல்ல" என்றாள் அக்கா.

சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பேருந்தும் கிடைத்துவிட்டது.

மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்த கணவர்தான் பார்த்தார். தங்கை போர்வைக்குள் கட்டிலே ஆடும்படி நடுங்கிக்கொண்டிருந்தாள். பேச்சு குழறியது. அவர் அவளை அப்படியே தூக்கிக்கொண்டு வேலை வேனில் போட்டு, திருகாணிப் பெட்டிகள் உருள உருள மருத்துவமனைக்கு ஓட்டினார்.

அக்கா போய்ச் சேர்ந்தபோது தங்கையின் கையில் மூன்று இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. ரத்த அழுத்தம் இறங்கிவிட்டதால் ஊசி ஏற்ற இடம் கிடைக்கவில்லை. அவசரப் பிரிவு நர்ஸுக்கு அக்காவைத் தெரியும். முகம் மலர்ந்துவிட்டது அவளுக்கு.

"நல்ல வேளை வந்தீங்க! வெயின் சிக்க மாட்டேங்குது. நீங்க ஒரு தடவ பாருங்களேன்."

அக்கா தங்கையின் கையைப் பிடித்தாள். விரலை மடிப்பில் வைத்தாள். பழக்கத்தில் கண் சுவரை நோக்கிப் போனது. அங்கே கடிகாரம் ஓடியது. விரல் எங்கேயும் போகவில்லை. அரை நிமிடம் அப்படியே நின்றாள். பிறகு கையை எடுத்துவிட்டு, "வேற யாரையாவது கூப்பிடுங்க" என்றாள். நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஓடினாள். மயக்க மருந்து டாக்டர் வந்து கழுத்து வழியாகக் குழாய் போட்டார்.

மூன்று நாள் தங்கை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று இருந்தாள். அக்கா கண்ணாடிக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கணவர் எதையாவது கொடுத்தால் குடித்தாள். 'இல்ல' என்ற அந்த ஒரு சொல் மட்டும் காதுக்குள் வந்து வந்து போனது. அதற்கும் அவளுக்கு அழுகை வரவில்லை.

நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. டாக்டர் வெளியே வந்து, பிழைத்துக்கொண்டாள் என்றார்.

"எங்கேர்ந்து தொத்திச்சு டாக்டர்? நான் கொண்டு வந்தேனா?" என்றாள் அக்கா.

"யாரும் கொண்டு வரல. அவங்க குடல்ல இருக்குற கிருமிதான். எல்லார் வயித்துலயும் இருக்குறது. அவங்க எதிர்ப்புச் சக்தி இறங்கினதும் ரத்தத்துக்குள்ள போயிருச்சு. நீங்க எவ்வளவு ஜாக்கிரதையா இருந்திருந்தாலும் இது வந்திருக்கும். ஒரு அஞ்சு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா இவ்வளவு சிரமப்பட்டிருக்க மாட்டாங்க, அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். சொல்லிவிட்டு அவர் கையெழுத்துக்காகப் பேனாவை நீட்டினார். அக்காவின் விரலிடுக்கிலிருந்து அது நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுத்தார், மறுபடி விழுந்தது. டாக்டர் அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். கொப்புளம் ஆறிய தழும்பு, நாலைந்து கீறல், எல்லாம் வந்தது அவளுக்கே தெரியாதவை.

"எத்தன நாளா இப்படி? என்ன மாத்திரை போடுறீங்க?"

"வெறும் சத்து மாத்திரைதான் டாக்டர்."

"அந்த வெறும் மாத்திரை எல்லாத்தையும் நாளைக்குக் கொண்டு வாங்க. டப்பாவோட."

மறுநாள் அவர் வருவதற்கு முன்பே அக்கா கொண்டு வந்த மாத்திரைப் பையைத் தங்கை படுக்கையில் கவிழ்த்துவிட்டாள். பொது வார்டுக்கு மாற்றியிருந்தார்கள், பொழுது போகவில்லை. ஒவ்வொரு டப்பாவின் முதுகையும் திருப்பி, பொடி எழுத்தை மூக்கோடு ஒட்டிவைத்து வாசித்தாள். ஏழு டியூபையும் வரிசையாக நிறுத்தி, வெள்ளை ஒட்டுச்சீட்டில் எழுதி ஒட்ட ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"அக்கா, இதுல பி-ஆறு வைட்டமின் இருக்கு. அத்தான் வாங்கின டப்பாலயும் இருக்கு. பொங்குற மாத்திரைலயும் இருக்கு. கடைக்காரர் குடுத்ததுல அம்பது மில்லிகிராம். இந்த நரம்பு மாத்திரை ஒண்ணுல மட்டும் நூறு. நீ மூணு போடுற."

"ஒரே சத்துதானே, அதனால என்ன?" என்றார் கணவர்.

டாக்டர் வந்து கணக்கைப் பார்த்தபோது அவர் புருவம் ஏறிற்று. ஒரு நாளைக்கு உடம்புக்கு இரண்டு மில்லிகிராமே தாராளம் என்றார். முன்னூறைத் தாண்டி மாதக்கணக்கில் போனால் அதே சத்து நரம்பைக் கெடுக்கும், மரத்துப் போகும் என்றார். மரப்புக்காகப் போட்ட மாத்திரைதான் மரப்பை ஏற்றிவிட்டிருக்கிறது. எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். நிறுத்தியும் சில வாரம் அதிகமாகலாம், பிறகு மெல்லக் குறையும், முழுக்கத் திரும்புமா என்பதை இப்போதே சொல்ல முடியாது.

கணவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான் வாங்கிட்டு வந்தேன்" என்றார். அக்கா அவரைப் பார்த்து, "நான்தானே முழுங்கினேன்" என்றாள். அதை ஆறுதலாகச் சொன்னாளா, குறையாகச் சொன்னாளா என்று அவருக்கே விளங்கவில்லை.

வேலையிடத்தில் அவளை ஊசியிலிருந்து எடுத்து முன்மேசையில் போட்டார்கள். பெயர், வயது, வெறும் வயிற்றில் வந்தீர்களா என்று கேட்டுத் தட்டச்சு செய்து சீட்டு ஒட்டும் வேலை. ஒத்தக்குத்து என்று யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் இருக்கப் பாடுபட்டார்கள், அது அதைவிட மோசமாக இருந்தது.

தங்கை வீடு திரும்பிய மறுவாரம் ஒரு காலையில் அக்கா அறை வாசலில் வந்து நின்றாள். தங்கை திரும்பி வந்த நாளிலிருந்து அவள் உள்ளே போய்க் கை வைப்பதில்லை. தங்கை தெர்மாமீட்டரைப் பார்த்து எண்ணைச் சொல்வாள், அக்கா வாசலிலிருந்தே கேட்டுக்கொண்டு போய்விடுவாள்.

"இன்னிக்கு வந்து கை வை" என்றாள் தங்கை.

"எதுக்குடி? அதான் பாத்துட்டியே."

"சும்மா வைக்கா."

அக்கா வந்து நான்கு விரலையும் நெற்றியில் வைத்தாள்.

"எப்படி இருக்கு?"

அக்கா விரல்களை இன்னும் அழுத்திப் பார்த்தாள். பிறகு, "தெரியலடி" என்றாள். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "அன்னிக்கும் தெரியல. ஒண்ணுமே தெரியல. தெரியலன்னு சொல்ல வேண்டியதுதானே? பஸ் வந்துரும்னு இல்லன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். உன்னக் கொல்லப் பாத்தேன்டி."

தங்கை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"நானும் ஒண்ணு சொல்லல" என்றாள் கடைசியில். "அன்னிக்கு நீ வர்றதுக்கு முன்னாடியே வச்சுப் பாத்துட்டேன். முப்பத்தெட்டரை."

"என்னடி சொல்ற?"

"மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி ஊசின்னு பயமா இருந்துச்சு. நோட்டுல எழுதல. நீ வந்து கை வச்சு இல்லன்ன. மிஷின்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுத் தூக்கி டிராயர்ல போட்டுட்டேன். உன் கை எப்பக்கா தப்பாச் சொல்லியிருக்கு?"

அந்த வார்த்தை அக்காவின் நெஞ்சில் போய்க் குத்தியது. பல மாதத்தில் முதல்முறையாக எங்கோ வலித்தது. அப்படி வலித்தது அவளுக்கு. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், தங்கை விடவில்லை. நெற்றியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

சற்று நேரம் கழித்து அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இப்ப எவ்வளவு காட்டுச்சு?"

"முப்பத்தாறு புள்ளி எட்டு."

"நெசமா?"

"நெசமாத்தான்க்கா."

அக்கா மேசையிலிருந்த தெர்மாமீட்டரை எடுத்தாள். விரலுக்குப் பிடி கிடைக்காமல் இரண்டு தரம் நழுவியது. மூன்றாம் தரம் உள்ளங்கையில் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

"வாயத் தொற" என்றாள்.

தங்கை அவளை ஒரு நொடி பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள். வெளியே பேருந்து வந்து நிற்கும் சத்தமும், கதவு மூடும் சத்தமும், அது கிளம்பிப் போகும் சத்தமும் கேட்டன. அக்கா திரும்பிப் பார்க்காமல், அந்தச் சின்னத் திரையில் எண் நிற்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.